புதன்கிழமைப் பெயர்கள்

ஏடே,
2 அக்டோபர் 1986

கர்த்தருக்குள் அன்பான யானா அக்காவுக்கு,

நானும் ட்ரூடாவும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் வருமுன் கம்பளித் துணியைக் கட்டிக்கொள். போன வருஷம் மாதிரி வீம்பு பிடிக்காதே.

இத்துடன் ஒரு கட்டு வருகிறது. பயந்துவிடாதே, பத்தே பத்து சின்னப் புத்தகங்கள்தான். பன்னிரண்டு வருஷமாக நம் சபைகளில் நான் நடத்துகிற பாடம் உனக்குத் தெரியுமே, அதை இப்போது அச்சடித்துவிட்டார்கள். அயல்வீட்டுக்காரரிடம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, எந்த வாரம் என்ன கேட்பது என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. போதகர் பேசினால் போதும் என்று நாமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருந்த காலம் முடிந்தது, அக்கா. சாதாரண ஜனங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு ஆளைத் தேர்ந்தெடு. பெயரை எனக்கு எழுது. நான் ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
மரினுஸ்

*

தோலன்,
9 அக்டோபர் 1986

அன்புள்ள தம்பி மரினுஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் நடமாடுகிறேன். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

புத்தகக் கட்டு வந்தது. உன் அக்காவை யார் என்று நினைத்துக்கொண்டாய்? ரொட்டிக்கடையில் "அடுத்தது யாரு?" என்று கேட்பதற்கு மேல் நான் சத்தமாக ஒன்றும் பேசியதில்லை. ஞானஸ்நானப் பாடத்தில் கேள்வி கேட்டபோது நான் அழுதது உனக்கு மறந்துவிட்டதா?

ஆனாலும் ஒரு ஆள் உண்டு. கடைக்கு எதிர்வீட்டு ஆரி மினார்ட். உன் கடிதங்களை எல்லாம் எனக்குக் கொண்டுவந்து போட்ட தபால்காரர்தான், இப்போது ஓய்வு. கோயில் பக்கம் வந்ததே இல்லை. அவர் மனைவி மார்டீனாவை ஆகஸ்டில் அடக்கம் செய்தோம். போன வாரம் அவர் வீட்டுக் கொல்லையில் கரிந்த சட்டி ஒன்று கிடந்தது. மறுநாள் பார்த்தால் இரண்டாகிவிட்டது. மனுஷன் உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரியாமல் சட்டி சட்டியாக எறிகிறார் என்று புரிந்தது.

புதன்கிழமை கடை அரைநாள்தானே. அன்று மத்தியானம் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன். அதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நீயும் ட்ரூடாவும் சுகம் என்று எழுதினாய். உங்கள் பிள்ளை ப்ராம் எப்படி இருக்கிறான்? ராட்டர்டாமில் வேலை பிடித்திருக்கிறதா?

அன்புடன்,
யானா

*

ஏடே,
15 அக்டோபர் 1986

பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு ஸ்தோத்திரம் செலுத்தினேன். தபால்காரர், மனைவியை இழந்தவர், பக்குவப்பட்ட மனசு. முதல் புத்தகத்தில் பதினான்காம் பக்கம் பார், அப்படியே அவருக்காக எழுதினது போல இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல வேதம் வாசிப்பாய் அல்லவா, அங்கேதான் வாசல் திறக்கிறது. சுவிசேஷத்திலிருந்து வாசி. கெட்டுப்போன மகன் வீட்டுக்குத் திரும்பி வருகிற பகுதி நன்றாக எடுபடும். மூன்றாம் வாரம் மூன்றாம் புத்தகத்துக் கேள்வியைக் கேள். அவசரப்படாதே.

இன்னொன்று. நீயும் தனி ஆள், அவரும் தனி ஆள். ஊர் வாய்க்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்.

இங்கே மழை. ட்ரூடா உன்னைக் கேட்டாள்.

உன் தம்பி,
மரினுஸ்

*

தோலன்,
30 அக்டோபர் 1986

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

ஊர் வாய்க்கு நான் என்ன இடம் கொடுப்பது, அது தானே இடம் பிடித்துக்கொண்டது. ரொட்டி வாங்க வந்த கோலே அம்மா, "என்ன யானா, புதன்கிழமைன்னா ரெண்டு தட்டாமே?" என்றாள். "ஆமா, மூணாவது தட்டு உங்களுக்கு வேணுமா?" என்றேன். எனக்கே ஆச்சரியம், எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று.

ஆரி இரண்டு புதன் வந்துவிட்டார். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், திட்டாதே.

மற்ற நாள் என் சின்ன வேதத்தை வாசிப்பேன். புதன்கிழமை மட்டும் உன் அத்தான் இசாக்கின் பெரிய வேதத்தை மேசையில் வைப்பேன். அவர் எப்படி வாசிப்பார் என்று உனக்குத் தெரியும். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி தாண்டமாட்டார். இறந்த அன்று மத்தியானமும் வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தில் நாடாவை வைத்து மூடினார். அவர் போனபின் அந்த நாடாவை நான்தான் வாரம் வாரம் நகர்த்திக்கொண்டு வருகிறேன்.

முதல் புதன் திறந்தால், வம்ச அட்டவணை. வெறும் பெயர்கள். அவன் மகன் இவன், இவன் மகன் இன்னொருவன். உன் புத்தகம் அலமாரியில் இருந்தது, சுவிசேஷம் நாலு விரல் தடிமன் தள்ளி இருந்தது. என் கை போகவில்லை, மரினுஸ். வாசித்தேன். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆரி மரியாதையாகத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "டெலிஃபோன் டைரக்டரி மாதிரி இருக்கே யானா, நம்பரைக் காணோமே" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆனால் நேற்றும் வந்தார். நேற்றும் பெயர்கள்தான்.

ப்ராமுக்கு என் அன்பைச் சொல். போன தடவை கேட்டேன், நீ எழுதவில்லை.

யானா

*

ஏடே,
5 நவம்பர் 1986

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம் என நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். வாழ்நாளில் முதல்முறையாக வேதம் கேட்க உட்கார்ந்த மனுஷனுக்கு வம்ச அட்டவணையா? அது இன்னும் எத்தனை அதிகாரம் போகும் என்று எண்ணிப் பார்த்தாயா? நீ தட்டுத் தடுமாறி வாசிக்கிற வேகத்துக்கு ஈஸ்டர் வந்துவிடும். அதற்குள் அவர் மறுபடி சட்டி எறியப் போய்விடுவார்.

இசாக் அத்தான் நல்ல மனுஷர், மறுப்பில்லை. ஆனால் அவர் நாடாவுக்காக ஒரு ஆத்துமாவை இழக்கலாமா? தாண்டிப் போ, அக்கா. கர்த்தர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மரினுஸ்

*

தோலன்,
11 டிசம்பர் 1986

அன்புள்ள மரினுஸ்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

நான் தாண்டவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு புதன் பெயர்களாகவே போயிற்று. போகப் போக ஆரி சிரிப்பதை விட்டுவிட்டார். மூன்றாம் வாரம் நான் ஒரு பெயரில் தடுமாறினபோது, "மெதுவா, மெதுவா. பேரைத் தப்பா சொன்னா ஆளுக்குக் கோவம் வரும்" என்று கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்துத் தானே படித்தார். முப்பத்தெட்டு வருஷம் பெயர் படித்த மனுஷன் அல்லவா, பளிச்சென்று வந்தது. அதிலிருந்து அவர் பாதி, நான் பாதி.

நான்காம் வாரம் கேட்டார். "இவன் என்ன செஞ்சான், யானா?" நான் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறந்தான், பெற்றான், அவ்வளவுதான். "ஒண்ணும் செய்யல போல" என்றேன். அவர் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தார். "ஒண்ணும் செய்யாதவன் பேரைக்கூட எழுதி வச்சிருக்காங்களே" என்றார்.

போன புதன், மூன்றாம் தேதி. பட்டாணி சூப் செய்திருந்தேன். வாசித்து முடித்தோம். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். ஐம்பத்தேழில் மார்டீனாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். மூச்சே விடவில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், தாய்க்கும் காட்டவில்லை, தகப்பனுக்கும் காட்டவில்லை. மறந்துவிடுங்கள், அடுத்தது பிறக்கும் என்றார்களாம். அடுத்தது பிறக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்க அன்று அவருக்கு வாய் வரவில்லை. பிறகு கேட்டபோது தெரிந்தவர் யாரும் இல்லை.

"இந்தத் தீவுல எனக்குத் தெரியாத விலாசம் கிடையாது, யானா. அந்த ஒண்ணு மட்டும் தெரியாது. பேரும் வைக்கல. பேரில்லாத, விலாசமில்லாத கடுதாசி எங்க போய்ச் சேரும்னு உன் ஆண்டவர்ட்ட கேட்டுச் சொல்லு" என்றார். அதுவரை "நீங்க" என்றுதான் பேசுவார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. நேற்று அவர் வரவில்லை. இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்து வைத்தேன்.

வாய் திறக்கவேண்டிய ஒரே நாளில் ஊமையாகிவிட்டேன். உன் பாடத்துக்கு நான் லாயக்கில்லை என்று அன்றே சொன்னேனே.

யானா

*

ஏடே,
16 டிசம்பர் 1986

அன்பான அக்காவுக்கு,

உன் துக்கம் புரிகிறது. மனம் தளராதே. இது ஏழாம் புத்தகத்தில் வருகிற விஷயம், 'கடினமான கேள்விகள்'. ஆனாலும் தனியாக மூன்று பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மரித்துப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி நம் சபை என்ன விசுவாசிக்கிறது என்று ஆதார வசனங்களோடு இருக்கிறது. அதை அவர் தபால்பெட்டியில் போட்டுவிடு. நீ பேசக்கூட வேண்டாம்.

பண்டிகை ஜெபத்தில் உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறோம். ட்ரூடாவுக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை. எல்லாரும் சுகம்.

மரினுஸ்

*

தோலன்,
14 ஜனவரி 1987

அன்புத் தம்பி,

இங்கே கால்வாய் உறைந்து கல்லாகிவிட்டது. கைவிரல் விறைத்துப்போய் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

உன் மூன்று பக்கத்தை நான் கொடுக்கவில்லை. நான்கு வாரம் கடையில் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் காகிதம் போட்ட மனுஷன் வீட்டுக் கதவில் இன்னொரு காகிதத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை கடை நிறைய ஆள். ரொட்டி நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆரி தன் வாசலில் பனியைத் தள்ளிவிட்டு, அப்படியே மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "கொஞ்சம் இருங்க" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, மேலங்கியோடு, மாவுக் கையோடு தெருவைத் தாண்டினேன். கோலே அம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஆரி, அன்னிக்கு நான் ஓடிப் போயிட்டேன். எனக்குப் பயம்" என்றேன். "எனக்குப் படிப்பு கிடையாது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இசாக் செத்த அன்னிக்கு நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியணும்னு நினைச்சேன். எறியல. அடுத்த புதன் வெறும் மேசையில உக்காந்து வாசிச்சேன். கேக்க ஆள் இல்ல. ஆனா யாரோ கேட்டாங்க. அது எனக்கு நிச்சயம், நீங்க முன்னாடி நிக்கிறது மாதிரி நிச்சயம். அந்த ஆண்டவரைத்தான் எனக்குத் தெரியும். ஒண்ணுமே செய்யாதவங்க பேரையெல்லாம் எழுதி வச்சவர், உங்க பிள்ளையை மட்டும் விட்டிருப்பாருன்னா நான் நம்பமாட்டேன். அந்தக் கடுதாசி போய்ச் சேர்ந்துடுச்சு, ஆரி. உங்களுக்குத்தான் விலாசம் தெரியாது. அவருக்குத் தெரியும்."

இவ்வளவும் நான்தான் பேசினேன், மரினுஸ். என் குரல்தான். பிறகு கேட்டேன், "மார்டீனா என்ன பேர் வச்சிருப்பாங்க?"

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். கீழே விழுந்தது, மறுபடி சாய்த்தார். "யகோமினா" என்றார். "அவ அம்மா பேரு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொன்னதில்ல. ஆனா எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்." முப்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்று புதன். வந்தார். சாப்பிட்டோம். வாசிக்குமுன் நான் இசாக்கின் வேதத்தில் முதல் பக்கத்தைத் திருப்பினேன். குடும்பப் பக்கம். எங்கள் கல்யாணத் தேதி இசாக்கின் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே 'பிறந்த பிள்ளைகள்' என்று அச்சடித்துப் பன்னிரண்டு கோடு. இருபத்தாறு வருஷம் அந்தப் பக்கத்தை நானும் இசாக்கும் சேர்ந்து திறந்ததே இல்லை. இதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. பேனாவை ஆரியிடம் நீட்டினேன். "இடம் சும்மாதான் இருக்கு" என்றேன்.

அவர் எழுதினார். தபால்காரர் எழுத்து, அழகாக இருக்கிறது. யகோமினா மினார்ட், 1957. மை காயும்வரை இரண்டுபேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தோம். ஜெபம் செய்யலாமா என்று கேட்டேன். "செய்யி" என்றார். நான் உரக்க ஜெபித்தேன். அவர் கடைசியில் ஆமென் சொல்லவில்லை. ஆனால் தொப்பியைத் தரையில் வைத்திருந்தார், மடியில் இல்லை.

இப்போது உன் விஷயம். ப்ராமைப் பற்றி இரண்டு கடிதத்தில் கேட்டேன். எல்லாரும் சுகம் என்கிறாய். ட்ரூடா எனக்குத் தனியாக எழுதினாள். இரண்டு வருஷம் முன்னால் அவன் சாப்பாட்டு மேசையில், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை அப்பா என்று சொன்னானாம். அப்படியானால் இந்த மேசையில் உனக்கு என்ன வேலை என்று நீ கேட்டாயாம். வாசிப்பு நடுவிலேயே அவன் எழுந்து போனானாம். அன்றிலிருந்து மேசை ஜெபத்தில் அவன் பெயரை நீ சொல்வதில்லையாம். ஆரிக்காகத் தினமும் ஜெபித்தாய், அதற்கு நன்றி. கண்ணால் பார்க்காத தபால்காரரைப் பெயர் சொல்லி ஜெபிக்கிறவன், பெற்ற மகன் பெயரை ஏன் விட்டாய்?

நான் மூத்தவள். இது ஒரு தரம் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

யானா

*

தோலன்,
3 மார்ச் 1987

அன்பான மரினுஸ்,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. புதுத் தபால்காரப் பையன்மேல் சந்தேகப்பட்டு ஆரியிடம் சொன்னேன். "தபால்ல தப்பு இருக்காது, எழுதுற எடத்துலதான் தப்பு இருக்கும்" என்கிறார்.

நான் கடுமையாக எழுதிவிட்டேனா? அப்படியானால் கடுமைக்கு மன்னித்துக்கொள். கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வம்ச அட்டவணை முடிந்தது. கடைசிப் பெயர் வந்ததும், "அவ்வளவுதானா?" என்று ஆரி முகம் சுண்டிவிட்டது. இப்போது ராஜாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பேருங்க பரவாயில்ல" என்கிறார். போன ஞாயிறு கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பெப்பர்மின்ட் ஒன்று கொடுத்தேன்.

உடம்பு சுகம்தானே, தம்பி? அதை மட்டுமாவது எழுது.

யானா

*

ஏடே,
22 மார்ச் 1987

அருமை அக்காவுக்கு,

உடம்பு சுகம். இந்த முறை அது உண்மை.

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கோபம். ரொட்டிக்கடையில் நிற்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்றுகூட நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு தினமும் திறந்து படித்தேன். மாவுக் கையோடு நீ தெருவைத் தாண்டின இடத்தை மனப்பாடமாகவே சொல்வேன். பத்துப் புத்தகம் எழுதினேன், அக்கா. ஒன்றில்கூட உருளைக்கிழங்கு என்ற வார்த்தை இல்லை. என் மேசையில் விசுவாசம் இல்லாத ஒருவரும் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் சாப்பிட்டதில்லை. சாப்பிட்ட ஒருவனையும் நானே எழுப்பிவிட்டேன். உன்னைப்போல ஒரு நாள் ஊமையாக நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

நேற்று ராட்டர்டாமுக்கு ரயிலேறினேன். ப்ராம் மூன்றாம் மாடியில் இருக்கிறான். கதவைத் திறந்தவன், "அம்மாவுக்கு ஏதாவதா?" என்று பதறினான். "இல்லப்பா, சாப்பிட வந்தேன்" என்றேன். மக்ரோனி செய்தான், மேலே அரைக் கிலோ சீஸ். நன்றாக இருந்தது, சொன்னேன். அவன் வேலையைப் பற்றிக் கேட்டேன். பதில் முடிகிறவரை குறுக்கே பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

தட்டு காலியானது. என் சின்ன வேதம் கோட்டுப் பையில் இருந்தது, கோட்டு கதவுக் கொக்கியில் தொங்கியது. ஆறு அடி தூரம். என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அக்கா. ஊர் ஊராகப் போய் வாய் திறக்கச் சொல்லிக் கொடுத்தவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உன் பயம் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்பா, வாசிக்கலையா?" என்றான்.

"உனக்கு நம்பிக்கை இல்லைன்னு..."

"நம்பிக்கை இருக்கோ இல்லையோ, சாப்பிட்டதும் உங்க குரல் கேக்காம ரெண்டு வருஷமா ஒரு மாதிரி இருக்கு" என்றான். பிறகு, "நான் எழுந்து போன அன்னிக்கு எங்க விட்டோம்?" என்று கேட்டான்.

நாங்கள் வீட்டில் அதற்கப்புறம் எவ்வளவோ தூரம் வாசித்துவிட்டோம். ஆனாலும் எனக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல்லில் நாற்காலி சத்தம் கேட்டது என்பது வரைக்கும். கோட்டிலிருந்து வேதத்தை எடுத்தேன், அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன், அந்தச் சொல்லிலிருந்தே வாசித்தேன். முடித்து ஜெபிக்கும்போது அவன் பெயரைச் சொன்னேன்.

ஒரு வரியும் தாண்டவில்லை, அக்கா.

ஆரிக்கு என் வணக்கத்தைச் சொல். ஈஸ்டருக்கு நாங்கள் மூன்றுபேர் வருகிறோம், அது புதன்கிழமை இல்லை என்று தெரியும். பெரிய சட்டியாக வை.

உன் தம்பி,
மரினுஸ்